வாட்ச்மேன் வேலை லேசான வேலையா? ஓய்வை நெருங்கும் அப்பா அம்மாவுக்கு வேலை தேடுவதற்கு முன்

அப்பாவுக்கு 56 ஆகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் ரிட்டயர்மென்ட், இப்போதே முடியவில்லை என்கிறார், டென்ஷன் இல்லாத வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சென்னையில் முப்பதுகளில் இருக்கிற யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்துவிடுகிறது. வருகிற பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏதாவது அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டியாகச் சேர்த்துவிடு, தெரிந்தவர் கடையில் கல்லாவில் உட்காரட்டும், டாக்டர் கிளினிக்கில் டோக்கன் போடட்டும். உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் லேசான வேலை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், அப்பாவிடம் முழுசாகக் கேட்பதுகூட இல்லை. இந்த முடிவு பல வீடுகளில் அவரை முன்பிருந்ததைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டென்ஷன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வேலை அதிகமாக இருந்தால் டென்ஷன், குறைவாக இருந்தால் நிம்மதி என்பது பாதி உண்மைதான். 1979இல் ராபர்ட் காரசெக் என்கிற அமெரிக்க ஆய்வாளர் மறுபாதியைச் சொன்னார். வேலையின் பளுவோடு சேர்த்து, அந்த வேலையை எப்போது, எந்த வேகத்தில், எப்படிச் செய்வது என்பதில் அந்த மனிதருக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். பளு அதிகம், தன் கையில் எதுவும் இல்லை என்கிற வேலைதான் ஆளை அரிக்கிறது. பளு அதிகமாக இருந்தாலும் முடிவு தன் கையில் இருந்தால் பலரால் அதைத் தாங்க முடிகிறது. இதை வெறும் கருத்தாக விட்டுவிட முடியாதபடி லண்டனிலிருந்து சான்றும் வந்தது. அங்கே அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், பியூனுக்கு என்ன கவலை என்று நாம் சொல்வோமே, அதற்கு நேர்மாறாக, அடிமட்டப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களைப் போலச் சுமார் மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், வேலையில் தன் கையில் முடிவு இல்லாமல் இருப்பதற்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள்.

இதை வைத்துக்கொண்டு நம் ஊர் வாட்ச்மேன் வேலையைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாற்காலி, ஃபேன், ஒரு நோட்டு. உள்ளே பெரும்பாலும் 12 மணி நேர டூட்டி, காலை 8 முதல் இரவு 8 வரை, அல்லது அதற்கு நேர் எதிர். ஆள் எடுப்பது ஏஜென்சி, வேலை வாங்குவது அசோசியேஷன், ஆக இரண்டு முதலாளி. இரவு டூட்டிக்காரர் வரவில்லை என்றால், 'ரிலீவர் வரலைங்க, நீங்களே பாத்துக்கோங்க' என்று ஒரு போன் வரும், அத்தோடு அடுத்த 12 மணி நேரமும் அவர் தலையில். கேட் திறப்பதும் மூடுவதும் மட்டும் என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். பிறகு மோட்டார் போடுவது, தண்ணி லாரி வந்தால் சம்ப் திறந்துவிடுவது, கூரியர் வாங்கி வைப்பது, டெலிவரி பையன்களிடம் பேர் எழுதி வாங்குவது, யாரோ ஒருவர் இன்னொருவருடைய பார்க்கிங்கில் வண்டியை விட்டதற்காகத் திட்டு வாங்குவது என்று ஒவ்வொன்றாகச் சேரும். அவருக்கென்று ஒழுங்கான கழிப்பறை இல்லாத கட்டடங்கள் நம் ஊரில் நிறைய. தூக்கம் கெடுவது சர்க்கரையும் பிரஷரும் உள்ள உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் இது நிரந்தரமான வழியும் கிடையாது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலராக எடுக்கப்படுபவர் 65 வயதை எட்டாதவராக இருக்க வேண்டும். 58இல் போனால் அதிகபட்சம் ஏழு வருடம்.

எல்லா செக்யூரிட்டி வேலையும் இப்படி என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் பகல் டூட்டி, எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை என்று கிடைத்தால் பலருக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே பிடித்துப்போய்விடுகிறது. வேலையின் பெயரை விட்டுவிட்டு நேரத்தைக் கேளுங்கள், மாற்று ஆள் யார் என்று கேளுங்கள், யார் சொல்படி வேலை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்துக்கு அப்பாவை அனுப்பாதீர்கள்.

அடுத்தது, அப்பாவுக்கு எது வலிக்கிறது என்பது. 'முடியலப்பா' என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் போகுது' என்பார். நம் அப்பாக்களின் தலைமுறைக்கு இதைப் பிட்டுப் பிட்டுச் சொல்லிப் பழக்கம் இல்லை. அதனால் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். காலையில் எழும்போது எந்த நினைப்பு முதலில் வருகிறது? எந்த நாள் லீவு போட வேண்டும்போல இருக்கிறது? எந்த ஆள் முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை? இப்படிக் கேட்டுப் பார்த்தால் நாம் நினைத்தது ஒன்று, அவருடைய சங்கடம் வேறொன்று என்று தெரியவரும். தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவருக்கு வேலையே பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், விடிகாலையில் பஸ்ஸுக்காக நிற்பதும் வாராவாரம் மாறும் ஷிஃப்ட்டும்தான் பிரச்சினை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவருக்கு, திடீரென்று எல்லாமே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றதும், மகன் வயதில் இருக்கும் மேனேஜரிடம் தினமும் சந்தேகம் கேட்டு நிற்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. மருந்து கம்பெனி பிரதிநிதிக்கு டார்கெட். கட்டட சூப்பர்வைசருக்கு வெயில், மாடிப்படி, மூட்டு வலி. இவை நான்கும் நான்கு வெவ்வேறு வியாதி, ஒரே மாத்திரையால் தீராது. முதலாமவருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் அதே மாதிரி வேலை போதும். இரண்டாமவருக்கு, வீட்டில் யாராவது பொறுமையாக உட்கார்ந்து சில வாரம் அந்த மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தால் வேலை மாறவே தேவைப்படாமல் போகலாம்.

அதனால்தான், இருக்கிற இடத்திலேயே வேலையை லேசாக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதை முதல் வழியாகச் சொல்வேன். வெட்கப்பட்டுக்கொண்டு பலரும் இதைக் கேட்பதே இல்லை. முப்பது வருடம் ஒரு இடத்தில் இருந்தவருக்கு, எந்த சப்ளையர் நம்பகமானவர், எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும், பழைய ஃபைல் எங்கே இருக்கும் என்று தெரியும். அந்த அறிவு கம்பெனிக்கும் வேண்டும். இரவு ஷிஃப்ட்டிலிருந்து விலக்கு, வெளியே அலைவதற்குப் பதிலாக உள்ளே பயிற்சி கொடுக்கும் பொறுப்பு, 58க்குப் பிறகு வாரம் மூன்று நாள் ஆலோசகராக வருவது, இதெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் எழுத்தில் வாங்க வேண்டும். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பு என்று எழுதாமல் விட்டால் அதே வேலை, பாதிச் சம்பளம், பி.எஃப். கிடையாது என்று ஆகிவிடும். ஆலோசகராகப் போனால் சம்பளத்துக்குப் பதில் கட்டணம் என்று கணக்கில் எழுதி, டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வேலையை விடுவது என்றே முடிவெடுத்தாலும், எந்தத் தேதியில் விடுகிறோம் என்பது பெரிய விஷயம். மத்திய அரசு 1998இல் ஓய்வு வயதை 60 ஆக்கியது. தமிழக அரசு 2020இல் 58ஐ 59 ஆக்கி, 2021இல் 60க்குக் கொண்டுவந்தது. தனியார் கம்பெனிகளில் பல இடங்களில் இன்னமும் 58தான், பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் முழு பென்ஷன் தொடங்கும் வயதும் அதுவே. அந்தத் திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு சேவை இருந்தால்தான் மாத பென்ஷன். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் 58க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறோமோ அத்தனை வருடத்துக்கும் வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் குறையும், அந்தக் குறைவு பிறகு ஒருபோதும் சரியாகாது. மாறாக 60 வரை தள்ளிப்போட்டு வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். சரி, எவ்வளவு வரும்? பென்ஷனுக்காகக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள், அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து உச்சவரம்பு 15,000 ரூபாய். உச்சவரம்புக்குள் பணம் கட்டியவருக்கு 35 வருடக் கணக்கு முழுக்க 15,000இல் வந்தால்கூட 7,500 ரூபாய்தான், 2014க்கு முந்தைய வருடங்களுக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் பலருக்கு அதுகூட வராது. அப்பா கடைசியில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பென்ஷன் இந்த அளவில் நின்றுவிடும் என்பது நிறைய வீடுகளில் கடைசி மாதத்தில்தான் தெரியவருகிறது.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, தனி. ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை முடிந்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்துக் கணக்கிடுவார்கள். புதிதாக ஒரு கம்பெனியில் சேர்ந்து நாலே கால் வருடம் ஆகியிருக்கிறது என்றால், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு விடுவது புத்திசாலித்தனம்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். தனியாகப் பாலிசி எடுக்க முன்பு பல நிறுவனங்களில் 65 வயது வரம்பு இருந்தது, 2024இல் அதை நீக்கிவிட்டார்கள், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறது, அது மூன்று வருடம் வரை போகலாம். அதாவது சர்க்கரையும் பிரஷரும் உள்ள அப்பாவுக்கு 58இல் பாலிசி எடுத்தால், அந்த நோய்களால் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 61 வரை பணம் வராமல் போகலாம். 55இலேயே, கம்பெனி பாலிசி கையில் இருக்கும்போதே, தனிப் பாலிசியையும் எடுத்துவிட்டால் 58இல் காத்திருப்பு முடிந்திருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு, அதாவது 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, இன்னொரு வசதி இருக்கிறது, இது தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து வருடம் இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வெளியே வருகிறவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். கே.கே. நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகளை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! 57இல் அவசரப்பட்டு சாதாரண ராஜினாமாவாக எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள்.

வேலையைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் இவ்வளவு பணக்கணக்கு என்றால், லேசான வேலை கிடைப்பது பெரும்பாலும் எவ்வளவு பணம் தேவை என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பழைய சம்பளம் அப்படியே வேண்டும் என்று 58 வயதில் தேடினால், 12 மணி நேரமோ, டார்கெட்டோ, இரவு டூட்டியோ இல்லாமல் கிடைப்பது கஷ்டம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் சேர்ந்து வந்ததில் 10 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2025ஆம் ஆண்டு முழுக்க இருந்த 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். 60 ஆகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். இதோடு பென்ஷன், பிள்ளைகள் தருவது எல்லாம் சேர்ந்தால், வேலையிலிருந்து வர வேண்டியது மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோதான் என்று தெரியவரும். அப்போது அரை நாள் வேலை போதும் என்கிற முடிவுக்கு வரலாம். அரை நாள் என்று முடிவானதும் கதவுகள் நிறையத் திறக்கின்றன.

கணக்கு தெரிந்தவர்களுக்குச் சென்னையில் வேலை குறைவே இல்லை. பாரிமுனை, சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகளிலிருந்து கிண்டி, அம்பத்தூர் சிறு தொழிற்கூடங்கள் வரை வாரம் இரண்டு மூன்று நாள் வந்து டாலி என்கிற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போட்டுவிட்டுப் போக ஆள் தேடுகிறார்கள். ஆனால் இதில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்கு 11ஆம் தேதி, 20ஆம் தேதி, பி.எஃப்., இஎஸ்ஐ கட்ட 15ஆம் தேதி, டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி என்று மாதம் முழுக்க கெடு. தாக்கல் செய்யும் பொறுப்பையும் அப்பா ஏற்றுக்கொண்டால், முதலாளி பில் கொடுக்கத் தாமதித்தாலும் பழி அவர் மேல் விழும். தினசரி வரவு செலவு எழுதுவது என் வேலை, தாக்கல் ஆடிட்டர் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டால், இது எனக்குத் தெரிந்தவரை இந்த வயதுக்கு மிகப் பொருத்தமான வேலைகளில் ஒன்று. ஓரளவுக்கு அவர் நேரத்துக்கு அவர் போய் வரலாம், மரியாதையும் இருக்கும்.

அபார்ட்மென்ட் அசோசியேஷனில் மேனேஜர் வேலை கணக்கும் நிர்வாகமும் தெரிந்தவர்களுக்கு வருகிறது. வாட்ச்மேனைவிட நல்ல பதவிதான். ஆனால் இருநூறு வீட்டுக்காரர்களும் தனித்தனி முதலாளி, இரவு பத்தரைக்கு லிஃப்ட் நின்றால் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் பெயர் அவருடையதுதான். சின்னக் கட்டடம், ஒரே செயலாளர், மாலை ஆறுக்கு மேல் போன் எடுக்க மாட்டேன் என்கிற ஒப்பந்தம் இருந்தால் பார்க்கலாம். கிளினிக்கில் டோக்கன் போடுவதும் இதே மாதிரி இடத்துக்கு இடம் மாறும். டாக்டர் தாமதமாக வந்தால் ஏச்சு வாங்குவது வாசலில் உட்கார்ந்திருப்பவர்தானே. ரத்தப் பரிசோதனை லேபில் காலை வரவேற்பு வேலையில் அந்தத் தொல்லை குறைவு, பதினொரு மணிக்கெல்லாம் கூட்டம் குறைந்துவிடும்.

கடை வேலை என்றால் நிற்பதுதான் பிரச்சினை. ரங்கநாதன் தெருவில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்த விற்பனையாளர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேரளம் 2018இல் செய்ததைப்போல, 2021இல் தமிழகமும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. ஆகவே அப்பாவோ அம்மாவோ உட்கார நாற்காலி கேட்டால் அது சலுகை கிடையாது, சட்டம் கொடுத்த உரிமை. சேர்ப்பதற்கு முன் ஒருமுறை வாடிக்கையாளராகப் போய், அங்கே வேலை செய்பவர்கள் உட்கார்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். ஆக்டிங் டிரைவர், அதாவது கூப்பிடும்போது போய் அடுத்தவர் காரை ஓட்டிக்கொடுக்கும் வேலையைப் பற்றி ஒரு வரிதான்: இரவில் கண் பார்வையும் பொறுமையும் இருந்தால் சரி, இல்லையென்றால் இந்த ஊர் டிராஃபிக்கில் வேண்டவே வேண்டாம்.

அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது அஞ்சலக மகளிர் முகவர் வேலை. தெருவில் எல்லோரையும் தெரிந்த, எல்லோரும் நம்புகிற அம்மா என்றால் இதற்காகவே பிறந்தவர். அக்கம்பக்கத்து வீடுகளில் ஐந்து வருட ஆர்.டி. கணக்கு தொடங்கவைத்து, மாதாமாதம் பணம் வாங்கி அஞ்சலகத்தில் கட்டுவது, கட்டும் தொகையில் 4 சதவீதம் கமிஷன். ஐம்பது வீட்டில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் மாதம் 2,000 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நேரம் அவருடையது, மேலதிகாரி இல்லை, வாங்கிவரப் போகும் வீடுகளில் ஒரு டம்ளர் காப்பியும் நாலு வார்த்தையும் கிடைக்கும், நூறு வீடானால் வருமானமும் இரட்டிப்பு. மாதத்தின் முதல் பாதியில் தொடங்கிய கணக்குகளுக்கு 15ஆம் தேதிக்குள்ளும், பிற்பாதியில் தொடங்கியவற்றுக்கு மாதக் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும், அதனால் பரபரப்பு அந்த இரண்டு சமயத்தில் மட்டும். இதில் உள்ள ஒரே பெரிய கவலை அடுத்தவர் பணம் கையில் இருப்பது. அன்றன்றைக்கு வாங்கியதை உடனே எழுதி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஒரு நாள்கூட வீட்டுச் செலவுக்குத் தொடாமல் இருக்கிற ஒழுங்கு உள்ளவர் மட்டும் இறங்க வேண்டும். நிலை முகவர் என்று ஆண்கள் எடுக்கக்கூடிய முகமையும் உண்டு, அதில் கமிஷன் 0.5 சதவீதம்தான்.

டியூஷன் இன்னொன்று. ஆசிரியராக இருந்தவர்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஐந்தாம் வகுப்பு வரை கணக்கும் தமிழும் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாமல் வேலைக்குப் போகிற பெற்றோர் எவ்வளவு பேர் தவிக்கிறார்கள். நாலைந்து பிள்ளைகள், மாலை இரண்டு மணி நேரம், வீட்டுத் திண்ணையோ ஹாலோ போதும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எடுத்தால் பணம் கூடும், கூடவே மார்ச் மாதப் பொதுத்தேர்வுப் பதற்றமும் அந்தப் பெற்றோரின் எதிர்பார்ப்பும் வீட்டுக்குள் வந்துவிடும்.

சமையல் கை உள்ள அம்மாவிடம் எல்லோரும் 'மாவு அரைச்சு வித்தா நல்லா போகுமே' என்பார்கள். போகும்தான். ஆனால் டில்டிங் கிரைண்டரில் பத்து கிலோ மாவைச் சாய்த்து வழிப்பது யார் தோள்? வெயில் நாளில் சீக்கிரம் புளித்துப் போனால் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு யார் பதில் சொல்வது? பொடி வகைகள், வடாம், ஊறுகாய் இவை கெடாது, செய்கிற நாளை அவரே தேர்ந்துகொள்ளலாம், சுமையும் குறைவு. எந்த உணவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு கட்டாயம், சிறிய அளவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். தீபாவளி பலகார ஆர்டர் மட்டும் அளவோடு எடுங்கள், அந்த இரண்டு வாரம் மொத்த வீட்டையும் அடுப்படியில் நிறுத்திவிடும்.

வேலை எதுவானாலும் போக வர ஆகும் நேரத்தையும் வேலை நேரமாகவே எண்ணுங்கள். காலை எட்டரைக்கு தாம்பரம், கடற்கரை மார்க்கத்து ரயிலில் பீச் பக்கம் போகிற பெட்டியில் 58 வயதுக்காரர் தொங்கிக்கொண்டு போய்ச் செய்கிற எந்த வேலையும் லேசான வேலை ஆகாது. அதே வேலை பதினோரு மணிக்குத் தொடங்கினால் உட்கார்ந்து போகலாம். 60 ஆனவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறார்கள், வாரம் ஒரு நாள் வேலைக்குப் போய்வர அது சரியாக இருக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை என்பதால், அம்மா கொஞ்சம் தூரத்தில் வேலை பார்த்தாலும் கைக்காசு போகாது.

பி.எஃப்., கிராஜுவிட்டி என்று இவ்வளவு எழுதியது எல்லாம் கம்பெனியில் இருப்பவர்களுக்கு. வீட்டு வேலைக்குப் போகிற அம்மா, தையல் தைக்கிற அம்மா, ஆட்டோ ஓட்டுகிற அப்பா, கட்டட வேலைக்குப் போகிற அப்பா, இவர்களுக்கு ரிட்டயர்மென்ட் தேதி என்று ஒன்றே கிடையாது, உடம்பு நிற்கிற அன்றைக்குத்தான் வேலையும் நிற்கும். தமிழகத்தில் இவர்களுக்குத் தொழில்வாரியாக நலவாரியங்கள் இருக்கின்றன, வீட்டுப் பணியாளர்களுக்கும் தனி வாரியம் உண்டு. 60 ஆன பிறகு மாத ஓய்வூதியம் அதில் வரும், ஆனால் பதிவு செய்ய வயது 18 முதல் 60 வரை. அம்மாவுக்கு 57, 58 என்றால் இந்த மாதமே பதிவு செய்யுங்கள், ஏற்கெனவே பதிந்திருந்தால் புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வேலையைப் பொறுத்தவரை, ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பதை விட்டு ஒரே வீட்டில் சமையல் மட்டும் என்று மாறுவது முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். அதற்கு அந்த அம்மா தானாகக் கேட்கத் தயங்குவார். வேலை கொடுக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், நீங்களே கேளுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்தே வேலை, டைப் பண்ணினால் போதும், ஓட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் தினமும் 2,000 ரூபாய் என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறவை குறிவைப்பதே ரிட்டயர்மென்ட் பணம் கையில் இருக்கிற, சும்மா இருக்கப் பிடிக்காத இந்த வயதுக்காரர்களைத்தான். முதல் இரண்டு நாள் நூறு இருநூறு என்று கணக்கில் நிஜமாகவே போடுவார்கள், நம்பிக்கை வந்த பிறகு பெரிய வேலைக்கு டெபாசிட் கேட்பார்கள். வேலை கொடுப்பவர் வேலை தேடுபவரிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், திட்டுவதுபோல இல்லாமல், பேச்சோடு பேச்சாக. அப்படியும் பணம் போய்விட்டால், பிள்ளைகள் கோபிப்பார்கள் என்று மறைத்து வைக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போன பணம் எடுக்கப்படும் முன் வங்கிக் கணக்கிலேயே முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு. அந்த எண்ணை இன்றைக்கே அப்பா, அம்மா இரண்டு பேர் போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.